முப்பத்தொன்பதாவது ஆள்

அந்த லிஃப்ட் கம்பெனியின் சர்வீஸ் கிளையில் மொத்தம் முப்பத்தெட்டு பேர் வேலை பார்த்தார்கள். காலை ஏழு மணிக்கு, இன்று எந்த மெக்கானிக் எந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டும் என்று ஒரு மெயில் வரும். ஒன்பதரைக்கு, வருகை பதியாதவர்களுக்கு ‘நீங்கள் இன்னும் வரவில்லை, காரணம் தெரிவிக்கவும்’ என்று இன்னொன்று வரும். லீவ் கேட்டால் கிடைத்தது, கிடைக்கவில்லை என்று மெயில். ஷூ தேய்ந்தால் புது ஷூவுக்கு மெயில். யாருக்காவது பிறந்த நாள் என்றால் ‘அன்புடன்’ என்று முடியும் ஒரு வாழ்த்து. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே ஒரு பெண்ணின் பெயர் இருக்கும். அந்தப் பெயரைச் சொல்லி யாரும் அவளைக் கூப்பிட்டதில்லை. மெயிலக்கா என்றால்தான் மேனேஜர் முதல் வாசல் காவலாளி வரை எல்லாருக்கும் தெரியும்.

உண்மையைச் சொன்னால் அந்த மெயில்களில் ஒன்றைக்கூட அவள் அனுப்புவதில்லை. கம்ப்யூட்டர்தான் தானாக அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த வாசகங்களை எழுதிக் கொடுத்தது மட்டும் அவள். ஆனால் பேர் யாருடையதோ, பழியும் அவர்மேல்தானே வரும்? ஒரு மெக்கானிக்கின் மனைவி போன் போட்டே கேட்டுவிட்டாள்: “ஒம்போது மணிக்குப் பொறந்த நாள் வாழ்த்து சொல்றீங்க, ஒம்பதரைக்கு ஏன் வரலைன்னு திட்டறீங்க. ரெண்டும் நீங்களேதானா அக்கா?” அவள் என்ன பதில் சொல்வாள், பாவம். “ஆமாம்மா, மனசு அப்பப்ப மாறிடுது” என்று சிரித்துச் சமாளித்தாள். ஐந்து வருஷத்தில் அந்த மெயில்களுக்கு நன்றி என்று பதில் எழுதியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் வேறு யாருக்கோ எழுதியது தவறி இவளுக்கு வந்துவிட்டது.

இந்த ஏற்பாடு வந்த கதையே ஒரு கூத்து. ஐந்து வருஷத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர்காரர் ஒருவரை மேனேஜர் வரவழைத்தார். பெரிய உடம்பு, சின்னக் குரல். மெயிலக்காவைவிட அவருக்கு இரண்டு வயது அதிகம், ஆனாலும் ஊரோடு சேர்ந்து அவரும் அக்கா என்றே கூப்பிடுவார். “இதெல்லாம் யாராவது ஒருத்தரோட அக்கவுண்ட்ல இருந்துதான் சார் ஓடணும். யாரோடதைப் போடலாம்?” என்று அவர் கேட்டார். மேனேஜர் தன்னுடையதைப் போடச் சொன்னார். பாஸ்வேர்ட் மறந்துபோயிருந்தது. கணக்கர் ஒரு டைரியைப் புரட்டினார், அது போன வருஷத்து டைரி. தலைமை மெக்கானிக் வீட்டுக்குப் போன் போட்டு மனைவியிடம் கேட்டார். அந்த அம்மாள் அப்போது குளித்துக்கொண்டிருந்தார். மெயிலக்கா மட்டும் தன் மேசையில் உட்கார்ந்தபடி, வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தான் பதிவு செய்த லிஃப்டின் எண்ணான தன் பாஸ்வேர்டை, ஒரு எழுத்துக்கூடத் தயங்காமல் தட்டிக் காட்டினாள். அவ்வளவுதான். நினைவாற்றல் இருந்த ஒரே குற்றத்துக்காகக் கம்பெனியின் மொத்த மெயிலும் அவள் தலையில் விழுந்தது.

பத்தொன்பது வருஷமாக லிஃப்டுகளுக்குச் சர்வீஸ் நாள் குறிப்பவள் அவள். ஆனால் லிஃப்ட் எப்படி ஓடுகிறது என்று அவளுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வைத்ததும் ஒரு லிஃப்ட்தான். லிஃப்ட் கம்பெனியின் சொந்த ஆபீஸ் லிஃப்ட், ஒருநாள் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றது. உள்ளே அவள் தனியாக. நாற்பது நிமிஷம். மேலேயிருந்து தலைமை மெக்கானிக், “பயப்படாதீங்கம்மா, பேசிக்கிட்டே இருங்க” என்றார். அவளும் பேசினாள். ‘கயிறு அறுந்தா என்ன ஆகும்? பிரேக் எங்க இருக்கு? அந்த சத்தம் எதனால வருது?’ என்று கேள்வி மேல் கேள்வி. கதவைத் திறந்து வெளியே தூக்கியபோது மெக்கானிக்குக்குத்தான் வியர்த்துக் கொட்டியிருந்தது. அன்று சாயங்காலமே லிஃப்ட் பாதுகாப்பு ஆய்வாளர் படிப்புக்கு விண்ணப்பம் வாங்கி வந்துவிட்டாள். மகள் கல்லூரிக்குப் படிக்க, அம்மா ஆய்வாளர் பரீட்சைக்குப் படிக்க, சாப்பாட்டு மேசையில் இரண்டு வருஷம் புத்தகத்தை நகர்த்தித்தான் தட்டு வைக்க வேண்டியிருந்தது. நாற்பத்தாறாவது வயதில் முதல் முயற்சியிலேயே தேறினாள்.

அந்த மாதம் மூன்றாம் தேதி தலைமை அலுவலகத்திலிருந்து ஆணை வந்தது. அடுத்த மாதம் ஒன்றாம் தேதி ஆய்வுப் பிரிவில் சேர வேண்டும். சேராவிட்டால் பட்டியலில் அடுத்திருப்பவருக்கு இடம் போய்விடும். கடைசி வரியில் ஒரு நிபந்தனை: ஆய்வாளராகச் சேருகிறவரின் பெயரிலிருந்து சர்வீஸ் கிளையின் எந்த மெயிலும் போகக் கூடாது. நியாயம்தானே? வேலையைச் செய்யச் சொல்லி மெயில் போடுகிறவளே, வேலை ஒழுங்காக நடந்ததா என்று பார்க்கப் போனால் யார் நம்புவார்கள்?

ஆணையை எடுத்துக்கொண்டு கால் தரையில் படாமல் மேனேஜர் அறைக்குப் போனாள். மேனேஜர் நல்ல மனிதர். வாய் நிறையப் பாராட்டினார், கடைசி வரி வரும்வரை. அதைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கஷ்டம் வந்தால் அவர் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

“உங்களை விடறதுக்கு எனக்கு ஆட்சேபணையே இல்லம்மா. ஆனா மெயில் எல்லாம் உங்க அக்கவுண்ட்ல ஓடுதே. நீங்க போய்ட்டா கம்பெனி அப்படியே நின்னுடும். முதல்ல அதுக்கு ஒரு வழி பண்ணுவோம். வழி கிடைச்சா அன்னைக்கே கையெழுத்து.”

“கிடைக்கலன்னா சார்?”

மேனேஜர் மறுபடி கண்ணாடியைத் துடைத்தார்.

அந்த வாரம் முழுக்க அந்த ஆபீசில் மாப்பிள்ளை பார்ப்பது மாதிரி அக்கவுண்ட் பார்த்தார்கள். முதலில் மேனேஜருடையது. அதில் ஒரு வில்லங்கம் இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஒரு கூட்டத்துக்குப் போனபோது, ‘நான் கூட்டத்தில் இருக்கிறேன், நாளை பதிலளிக்கிறேன்’ என்று தானாகப் பதில் போகும்படி வைத்துவிட்டுப் போனவர், அதை எடுக்கவே இல்லை. மூன்று வருஷமாக அவர் கூட்டத்திலேயே இருந்தார். அதை ஒருவழியாக நிறுத்தி, சோதனைக்காக ஒரே ஒரு நாள் வருகை மெயிலை மட்டும் அவர் பெயரில் ஓடவிட்டார்கள். ஒன்பதரைக்கு மெயில் போனது. பத்து மணிக்குள் ஐந்து மெக்கானிக்குகள் போட்டது போட்டபடி, முகம் வெளுத்து, மேனேஜர் அறை வாசலில் வந்து நின்றார்கள். மெயிலக்கா பெயரில் வந்தால் அது தினசரி திட்டு. மேனேஜர் பெயரில் வந்தால் வேலைக்கே உலை என்று நினைத்துவிட்டார்கள். அதில் ஒருவர் அன்று நேரத்துக்கே வந்திருந்தார், பதியத்தான் மறந்திருந்தார். மேனேஜர் ஐந்து பேருக்கும் டீ சொல்லி அனுப்பிவைத்தார்.

அடுத்தது கணக்கர். அவர் அக்கவுண்டுக்கு மாதம் ஒருமுறை பாஸ்வேர்டை மாற்றியே ஆக வேண்டும் என்று விதி. “மாத்தின ஒவ்வொரு தடவையும் எல்லாம் நின்னுடும். மறுபடி நான் வந்து உயிர் கொடுக்கணும்” என்றார் கம்ப்யூட்டர்காரர். தலைமை மெக்கானிக், தன் பாஸ்வேர்ட் தன் மனைவிக்குத்தான் தெரியும், தனக்குத் தெரிய வேண்டும் என்ற ஆசையும் இல்லை என்று ஒதுங்கிக்கொண்டார்.

வரவேற்பு மேசைப் பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். “அக்கா, என்னை விட்டுடுங்க. பொறந்த நாள் மெயில் அன்புடன்னு முடியுது. அன்புடன்னு என் பேர் போட்டு அத்தனை ஆம்பளைங்களுக்கும் போனா, எங்க வீட்ல நான் என்னன்னு சொல்றது?”

“அன்புடனை எடுத்துடலாமே” என்றார் கம்ப்யூட்டர்காரர்.

“எடுத்துட்டா எனக்கு அன்பு இல்லைன்னு சொல்வாங்களே!”

கடைசியில் கம்ப்யூட்டர்காரர்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை ஐந்து வருஷம் கழித்துச் சொன்னார். “யாரோடதும் வேணாம் சார். யாரும் இல்லாத ஒரு அக்கவுண்ட் போடுவோம். ஆபீஸ் பேர்லயே. ஆள் வருவாங்க போவாங்க, அது பாட்டுக்கு ஓடும்.” இதை முன்னாலேயே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்பது அவர் கட்சி.

மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. ஆனால் அந்தக் கம்பெனியில் புது அக்கவுண்ட் வேண்டுமென்றால் ஒரே வழிதான் உண்டு. புது ஊழியர் சேர்க்கைப் படிவத்தை நிரப்ப வேண்டும். ஒரு கட்டத்தைக் காலியாக விட்டாலும் கம்ப்யூட்டர் அடுத்த பக்கத்துக்குப் போகவிடாது. எட்டாம் தேதி, திங்கட்கிழமை, மெயிலக்கா அந்தப் படிவத்தைத் திறந்தாள். சுற்றிலும் நாலைந்து பேர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெயர்: அலுவலக அஞ்சல். ஊழியர் எண்: முப்பத்தொன்பது. பிறந்த தேதி என்று கேட்டது. அன்றைய தேதியைப் போட்டால், பதினெட்டு வயது ஆகாதவரை வேலைக்கு எடுக்க முடியாது என்று கம்ப்யூட்டர் கோபித்துக்கொண்டது. முப்பது வருஷம் பின்னால் தள்ளிப் போட்டார்கள்.

“ரத்த வகை கேக்குதே அக்கா?” என்றாள் வரவேற்புப் பெண்.

“ஓ நெகட்டிவ்னு போட்டுடுவோம். எல்லாருக்கும் குடுக்கறவர்தானே.”

ஷூ அளவையும் விடாமல் கேட்டது. மெயிலக்காவுக்குச் சட்டென்று எதுவும் தோன்றவில்லை. தன் அளவான ஆறையே போட்டுவிட்டாள். அன்று சாயங்காலத்துக்குள் ஐந்து வருஷத்து மெயில் வேலைகள் எல்லாம் ஒவ்வொன்றாக அவள் கணக்கிலிருந்து கழன்று முப்பத்தொன்பதின் கணக்கில் ஏறின. மறுநாள் காலை ஏழு மணிக்கு மெக்கானிக்குகளுக்கு மெயில் போயிற்று, அடியில் அவள் பெயர் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, “இன்னைக்கு நான் யாரையும் திட்டவே இல்லைங்க” என்று கணவனிடம் சொன்னாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். “அப்ப அந்தக் கோட்டாவை இங்க கொண்டு வந்துடாத” என்றார்.

அடுத்த இரண்டு வாரமும் ஆபீசுக்கு முப்பத்தொன்பதுதான் வேடிக்கை. ‘முப்பத்தொன்பது என்னைவிட ஒழுங்கு, டீக்குக்கூட எழுந்திருக்க மாட்டேங்கறார்’ என்பார்கள். பதினெட்டாம் தேதி ஒரு பெட்டி வந்தது. உள்ளே புத்தம் புது பாதுகாப்பு ஷூ, முன்பக்கம் இரும்பு வைத்தது. புது ஊழியர் சேர்ந்தால் ஷூவுக்குத் தானாக மெயில் போகுமல்லவா, போயிருக்கிறது. வரவேற்புப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, பெட்டியைத் தன் மேசைக்கடியில் தள்ளினாள். மெயிலக்காவும் சேர்ந்துதான் சிரித்தாள். அங்கேதான் கோட்டை விட்டாள். ஷூ வாங்கிக் கொடுக்கிற அளவுக்கு ஒருவரை ஊழியர் என்று நம்பிவிட்ட கம்ப்யூட்டர், அவர் வேலைக்கு வருகிறாரா என்றும் பார்க்கும் என்பது அங்கே ஒருவருக்கும் உறைக்கவில்லை.

இருபத்திரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு எந்த மெயிலும் வரவில்லை. எட்டரைக்கு மெயிலக்கா ஆபீஸ் படியேறும்போதே போன் மணி கீழ்வரை கேட்டது. ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் சர்வீசுக்கு ஆள் வரவில்லை. ஒரு பல் மருத்துவமனையில் வரவில்லை. பதினொரு மெக்கானிக்குகளில் ஒன்பது பேர் வீட்டில் இருந்தார்கள். “மெயில் வரலக்கா, சரி இன்னைக்கு லீவு போலன்னு இருந்துட்டேன்” என்றார் ஒருவர், மனசாட்சிக்கு விரோதமில்லாத குரலில். இன்னொருவர் ஊருக்கே கிளம்பிப் பாதி வழியில் இருந்தார்.

கம்ப்யூட்டர்காரர் மூச்சு வாங்க வந்து முப்பத்தொன்பதின் மெயில் பெட்டியைத் திறந்தார். அதுவரை அதை யாருமே திறந்ததில்லை. அதற்குள் பத்து நாளைக்குப் பத்து மெயில்கள் அடுக்கியிருந்தன. ‘நீங்கள் இன்னும் வரவில்லை, காரணம் தெரிவிக்கவும்.’ முப்பத்தொன்பது தனக்குத் தானே தினமும் எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. ஒருநாளும் பதில் வரவில்லை. பத்து வேலை நாள் சொல்லாமல் வராதவரின் அக்கவுண்டை முடக்க வேண்டும் என்பது விதி. பதினொன்றாவதாக, சனிக்கிழமையன்று, ‘வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்’ என்று தனக்கே ஒரு மெயில் போட்டுவிட்டு, கடமை தவறாமல் தன்னைத்தானே பூட்டிக்கொண்டுவிட்டது. அந்த ‘வருத்தத்துடன்’ உட்பட எல்லாம் மெயிலக்கா எழுதிக் கொடுத்த வாசகம்.

கம்ப்யூட்டர்காரர் தோள் குலுங்கச் சிரித்தார். மெயிலக்காவுக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. மேனேஜர் சிரிக்கவில்லை.

“போதும்மா இந்த விளையாட்டு. உடனே எல்லாத்தையும் பழையபடி உங்க பேருக்கே மாத்திடுங்க. நான் தலைமை அலுவலகத்துக்குப் பேசறேன், ஆறு மாசம் டைம் கேக்கலாம்.”

ஆறு மாதம் யாரும் தரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் இந்த மனிதரிடம் அவள் சொல்லாத ஒரு சொல் உண்டு. அது இப்போது தானாக வந்தது.

“மாட்டேன் சார்.”

அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இரண்டு வருஷம் தூக்கத்தைத் தின்று படித்தது, ஒரு பாஸ்வேர்டை மறக்காத குற்றத்துக்காக வீணாகப் போவதா?

“இன்னைக்கு என் பேர்ல போட்டா ஒண்ணாந்தேதி நான் போகவே முடியாது சார். இன்னைக்கு வேலை நடக்கணும், அவ்வளவுதானே? அதை நான் பாத்துக்கறேன். ஆனா என் அக்கவுண்டைத் தரமாட்டேன்.”

தன் மேசைக்குப் போய்ப் போனை எடுத்தாள். எந்த லிஃப்டுக்கு எந்த நாள் என்பது அவளுக்கு மனப்பாடம். பதினொரு பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கட்டடம், மாடி, போன தடவை என்ன கோளாறு என்பதுவரை வாயாலேயே சொன்னாள். பாதி வழியில் இருந்தவரை அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பச் சொன்னாள். பதினொன்றரைக்குள் எல்லா ஆளும் எல்லா இடத்துக்கும் போய்ச் சேர்ந்தார்கள். அப்புறம் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி மேனேஜர் அறைக்குப் போனாள். கம்ப்யூட்டர்காரரையும் வரவேற்புப் பெண்ணையும் கூடவே அழைத்துப்போனாள்.

“தப்பு முப்பத்தொன்பது மேல இல்ல சார், நம்ம மேல. அது ஆள் இல்லை, அதை ஆளா சேர்த்தோம். வருகைப் பட்டியல்ல இருந்து அதை எடுக்கணும், ஒண்ணு. ரெண்டாவது, அதுக்கு வர மெயிலைப் படிக்க ஆள் வேணும். பத்து நாளா அது கத்தியிருக்கு, நம்ம யாருக்கும் கேக்கல. நீங்களும் இந்தப் பொண்ணும் பொறுப்பு எடுத்துக்குங்க. ஒருத்தர் லீவுன்னா இன்னொருத்தர்.”

“எனக்கு இதெல்லாம் வராதும்மா.”

“வரும் சார். உட்காருங்க.”

அன்று மத்தியானம் ஆபீஸ் பார்த்தது கண்கொள்ளாக் காட்சி. மேனேஜர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். மெயிலக்கா பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. “அந்த பட்டன் எங்கம்மா?” என்று அவர் கேட்க, “தேடுங்க சார்” என்கிறாள். கையை நீட்டி நாலு நொடியில் தானே முடித்துவிடலாம் என்று அவள் விரல்கள் துடித்தன. கையை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. வரவேற்புப் பெண் பத்து நிமிஷத்தில் பிடித்துக்கொண்டாள், மேனேஜருக்கு நடுநடுவே அவளே ஜாடை காட்டினாள். முடிந்ததும் மேனேஜர் நெற்றியைத் துடைத்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

“சரிம்மா. ஒரு கண்டிஷன். புதன்கிழமையிலிருந்து அஞ்சு நாள் நீங்க லீவு. ஆபீஸ் பக்கம் வரக்கூடாது, போன் பண்ணக்கூடாது. நீங்க இல்லாம அஞ்சு நாள் ஓடிச்சுன்னா முப்பதாம் தேதி கையெழுத்து போடறேன். ஓடலன்னா என்னை மன்னிச்சிடுங்க.”

இருபத்து நாலாம் தேதி அவள் லீவு எடுத்தாள். சும்மா இருப்பது அவளுக்குத் தெரியாத வேலை. ஏழு மணிக்குப் போனைப் பார்த்தாள், தனக்கு மெயில் வராது என்று தெரிந்தும். அலமாரியை இறக்கி அடுக்கினாள், மறுபடி இறக்கினாள். ஒன்பதரைக்கு ஜன்னலில் நின்று, வராத மெக்கானிக்குகளை மனசுக்குள் எண்ணினாள். முப்பத்தொன்பதின் பாஸ்வேர்ட் விரல் நுனியில் இருந்தது. ஒரே ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று தோன்றியது. போனைக் கொண்டுபோய் மகளின் பையில் போட்டுவிட்டு வந்தாள். மகள் கல்லூரிக்கு அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள், அன்று முழுக்க அம்மா பைத்தியம் பிடிக்காத குறைதான்.

இரண்டாம் நாளும் ஆபீசிலிருந்து யாரும் கூப்பிடவில்லை, மூன்றாம் நாளும் இல்லை. நன்றாக ஓடுகிறது என்று அர்த்தம். சந்தோஷப்பட வேண்டும். பட்டாள். ஆனால் உள்ளே எங்கோ சுருக்கென்றும் இருந்தது. பத்தொன்பது வருஷம் இருந்திருக்கிறோம், ‘அக்கா அந்த ஃபைல் எங்கே’ என்று கேட்கக்கூட ஒருவருக்கும் தோன்றவில்லையா? அதைக் கணவனிடம் சொல்லியும்விட்டாள்.

“நான் லீவு போட்டாலும் என் பஸ் ஓடுது. வேற ஒருத்தர் ஓட்டறார். அந்த டிரைவர் எங்கன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தராவது கேட்டிருப்பாங்களா?” என்றார் அவர். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “நான் கேட்டிருப்பேன். உன் பேர்ல மெயில் வரலன்னா நான் கேட்டிருப்பேன்” என்றார். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

முப்பதாம் தேதி செவ்வாய்க்கிழமை. கணவர் அன்று வேலைக்குப் போகவில்லை. காரணம் கேட்டதற்குக் கால் வலி என்றார். ஒருவர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டால் அவருக்குத் தானாக ஒரு மெயில் போகும், மேனேஜர் சம்மதப் பட்டனை அழுத்திய மறுநிமிஷமே. அந்த மெயில் வந்தால் கையெழுத்து ஆயிற்று. வராவிட்டால் இல்லை. போன் மேசை நடுவில் இருந்தது. பத்து மணிக்கு ஒன்றுமில்லை. பன்னிரண்டுக்கு ஒரு சத்தம் கேட்டு ஓடினாள், ஏதோ கடையின் தள்ளுபடி. இரண்டு மணிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றேகாலுக்கு, “விடுங்க, அந்த வேலை என் தலையில எழுதல” என்றாள். “எழுதறவர் கண்ணாடி தொடச்சிக்கிட்டு இருக்கார், இரு” என்றார் கணவர். மூன்று நாற்பதுக்குப் போன் ஒலித்தது.

அனுப்பியவர்: அலுவலக அஞ்சல்.

‘அன்புடையீர், இன்றோடு நீங்கள் எங்கள் கிளையிலிருந்து விடைபெறுகிறீர்கள். மேசைச் சாவியையும் அடையாள அட்டையையும் ஒப்படைக்கவும். குடையை மறக்க வேண்டாம். சொல்லாமல் போய்விடாதீர்கள், ஒவ்வொரு மேசைக்கும் வந்து சொல்லிக்கொண்டு போங்கள். நீங்கள் செய்த வேலை எங்களுக்குத் தெரியும்.’

அவள் எழுதியதுதான். நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய மெக்கானிக் யாரிடமும் சொல்லாமல் போய்விட்ட மறுநாள், மனசு கேட்காமல் கடைசி இரண்டு வரியைச் சேர்த்தாள். அது அத்தனை பேருக்குப் போனபோதும் ஒருநாளும் நின்று படித்ததில்லை. இப்போது முதல் தடவையாக அது அவளுக்கு வந்திருந்தது. கணவனிடம் போனை நீட்டிவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் கால்வலியை மறந்து எழுந்து குதித்தார்.

நாலரைக்கெல்லாம் ஆபீசில் இருந்தாள். மெயில் சொன்னபடி மேசை மேசையாகப் போனாள். “போயிட்டு வரேன்” என்றாள் ஒவ்வொருவரிடமும். மேனேஜரிடம் சாவியைக் கொடுத்தபோது, “இந்த அஞ்சு நாள்ல ஒரு தடவைகூட நிக்கலையா சார்?” என்று கேட்டாள்.

“வெள்ளிக்கிழமை நின்னுதும்மா.”

“ஐயோ! அப்புறம்?”

“அந்தப் பொண்ணு லீவு. நானே சரி பண்ணேன்” என்றார் மேனேஜர். அவர் வாழ்க்கையில் அவ்வளவு பெருமையாக எதையும் சொல்லியிருக்க மாட்டார்.

வரவேற்புப் பெண் மேசைக்கடியிலிருந்து அந்த ஷூ பெட்டியை இழுத்து வெளியே வைத்தாள். “சைஸ் ஆறு அக்கா. நம்ம ஆபீஸ்ல வேற யாருக்கும் சேராது.”

“அது முப்பத்தொன்பதோடதுடீ.”

“அவருக்கு எதுக்கும்மா ஷூ?” என்றார் மேனேஜர் பின்னாலிருந்து. “அவர் எங்கயும் போகப்போறதில்ல. நீங்கதான் போறீங்க. போட்டுக்குங்க.”

மறுநாள் காலை ஏழு மணிக்கு மெக்கானிக்குகளுக்கு மெயில் போயிற்று. அதே நேரம் ஊரின் இன்னொரு மூலையில், பதினாலு மாடிக் கட்டடத்தின் உச்சியில், லிஃப்ட் மோட்டார் இருக்கும் அறையின் இரும்புக் கதவை மெயிலக்கா திறந்தாள். பத்தொன்பது வருஷம் காகிதத்தில் மட்டும் பார்த்த மோட்டார் கண்ணெதிரே சுற்றிக்கொண்டிருந்தது. அடியில் எண்ணெய் சிந்தியிருந்தது. முப்பத்தொன்பதின் ஷூ வழுக்காமல் நின்றது.